வதனிக்குப் புரொக்ஸி போட குட்மேய்ஸுக்கு மூன்று தடவை போன கதை

போன மாதம் இந்த வலைப்பூவில் நான் எழுதிய ரயில் பயணப் பதிவின் கீழே மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். இலங்கையில் தடுத்து வைத்திருக்கிற செய்தித் தளங்களை அங்குள்ள சொந்தக்காரர் படிப்பதற்காக நீங்கள் லண்டனில் ஒரு கணினி வைத்திருந்தீர்களாமே, அதை எப்படிச் செய்வது, எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் எடுக்கும் என்று. ஒருவர் வருகிற சனிக்கிழமையே ஹரோவில் இருக்கிற தன் தமக்கை வீட்டுக்குப் போய்ப் போடப்போகிறாராம். இரண்டு கிழமையாக நான் பதில் எழுதவில்லை. நேரம் இல்லாமல் இல்லை. வெட்கம். ஆனால் நான் சொல்லாமல் விட்டால் அவரும் நான் செய்ததையே செய்யக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். பெயர்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அந்தளவுக்காவது இப்போது புத்தி வந்திருக்கிறது.

2007ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கொழும்பில் ஒரு தமிழ்ச் செய்தித் தளம் திடீரெனத் திறக்காமல் போனது. இங்கே லண்டனில் திறக்கும், அங்கே வெள்ளைப் பக்கம் மட்டும்தான். என் சித்தியின் மகள் வதனி அங்கே வெள்ளவத்தையில் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறாள். சித்தி போர் நடக்கிற கிளிநொச்சியில் தனியாக இருந்தார். குண்டு விழுந்தால் செத்தவர்கள், காயப்பட்டவர்களின் பெயர்களை அந்தத் தளம்தான் முதலில் போடும். கிளிநொச்சிக்குத் தொலைபேசி இல்லை, கடிதம் போனால் போன மாதிரி. வதனிக்குத் தன் தாய் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க இருந்த ஒரே வழி அந்தப் பெயர்ப் பட்டியல்தான்.

அவளைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவளுடைய கணவரை யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடத்துக்கு முன் பிடித்துக்கொண்டு போனார்கள். இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் மாமியாரோடும் கணவரின் தம்பி குடும்பத்தோடும் ஒரே வீட்டில் இருந்தாள். மருமகளின் நெற்றிப் பொட்டைப் பார்த்துத்தான் மகன் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தவர் அந்த மாமியார்.

தடையைச் சுற்றிப் போக, புரொக்ஸி என்கிற ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. தடை இல்லாத நாட்டில் ஒருவர் தன் வீட்டுக் கணினியில் அதைப் போட்டு இரவு பகலாக ஓடவிட வேண்டும். தடை உள்ள நாட்டில் இருப்பவர் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அந்தக் கணினிக்குள் வந்து, அதன் வழியாக எந்தத் தளத்தையும் பார்க்கலாம். அங்கே இணையத்தைக் கண்காணிப்பவனுக்கு, அவர் லண்டனில் ஏதோ ஒரு வீட்டுக் கணினியோடு பேசுகிறார் என்பது மட்டும்தான் தெரியும்.

நான் லண்டனின் தெற்கே சட்டனில் வாடகை அறையில் இருக்கிறேன். இணையம் கீழ் வீட்டு முதலாளியுடையது, அவருடைய ரவுட்டரைத் தொட்டால் சண்டை வரும். அதனால் குட்மேய்ஸில் இருக்கிற குகன் அண்ணையைக் கேட்டேன். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, அந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைத்தவுடன் மனைவி மாலா அக்காவோடு இங்கே வந்தவர். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். கேட்ட மாத்திரத்தில், ஃப்ரிட்ஜ் ஓடுகிற வீட்டில் கொம்பியூட்டரும் ஓடட்டும், வா என்றார்.

முதல் பயணம் ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. சட்டனிலிருந்து குட்மேய்ஸ் நேர்கோட்டில் பத்தொன்பது மைல்தான், ஆனால் லண்டனைத் தெற்கிலிருந்து வடகிழக்குக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். சட்டன் ரயிலில் ஒயிஸ்டர் அட்டையில் போட்ட காசு செல்லாது, காகிதப் பயணச்சீட்டு எடுங்கள். ஆறு வலயத்துக்குமான நாள் சீட்டு அப்போது ஆறு பவுண் எழுபது பென்ஸ். 9.40க்கு ஏறி 10.12க்கு விக்டோரியா. விக்டோரியா லைனில் இரண்டு நிறுத்தம், ஒக்ஸ்போர்ட் சர்க்கஸில் மாறி சென்ட்ரல் லைனில் ஸ்ட்ராட்போர்ட். அங்கே படி ஏற வேண்டாம், எதிர்ப்பக்கத்திலேயே குட்மேய்ஸ் ரயில் வந்து நிற்கும். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறச் சொல்லி வரைபடம் ஆசை காட்டும், கேட்காதீர்கள். 11.20க்கு இறங்கி, எட்டு நிமிட நடை. வழியில் தமிழ்க் கடையில் ஒரு பை உளுந்து வடை வாங்கினேன். வெறுங்கையோடு போய் ஒரு வீட்டுக் கணினியைக் கேட்கக்கூடாதல்லவா.

மென்பொருளைப் போட இருபது நிமிடம்தான். மீதி இரண்டு மணி நேரத்தையும் ரவுட்டர் தின்றது. வெளியிலிருந்து வருகிற இணைப்பை அந்தக் கணினிக்கு அனுப்பு என்று ரவுட்டருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு அதன் கடவுச்சொல் வேண்டும், குகன் அண்ணைக்கு அது ஞாபகம் இல்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்தது. வாசகர்களே, எங்கே போனாலும் முதலில் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்.

இரண்டு மணிக்கு இரண்டு பவுண் தொலைபேசி அட்டையில் வதனியை அழைத்தேன். கொழும்பில் மாலை ஆறரை மணி. அந்த வீட்டு இணையத்தின் ஐபி எண்முகவரியை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று வரும், பயப்படாமல் சம்மதம் கொடு என்றேன். அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, வருகிறது, படமெல்லாம் வருகிறது என்றாள். அந்தக் கிழமைப் பட்டியலைக் கடைசி வரை பார்த்தாள். சித்தியின் பெயர் இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. குகன் அண்ணை சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

வைக்கிறதுக்கு முதல் அவள் கேட்டாள்: "அண்ணா, இதில நான் என்ன பாக்கிறன் எண்டு ஆருக்கும் தெரிய வருமோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். "நீ பயமில்லாமல் பார்."

அப்போது நான் அதை நம்பித்தான் சொன்னேன். என் நினைப்பெல்லாம் அங்கே கண்காணிக்கிறவர்களைப் பற்றியே இருந்தது. இங்கே இருக்கிற என்னைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

இரண்டாவது பயணம் டிசம்பரில் ஒரு ஞாயிறு. குகன் அண்ணை வீட்டில் மின்சாரம் போய் வந்ததில் ரவுட்டர் திரும்ப எழும்பி, எண்முகவரி மாறிவிட்டது. வதனிக்கு நான்கு நாளாகத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். பாதையில் திருத்தவேலை என்று ஸ்ட்ராட்போர்ட்டிலிருந்து பேருந்தில் ஏற்றினார்கள், அங்கிருந்து மட்டும் ஐம்பத்தைந்து நிமிடம். புது முகவரியைக் கண்டுபிடித்து வதனிக்குச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாலா அக்கா இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கணினிக்கு முன்னால் சும்மா இருந்தேன்.

அந்த மென்பொருளில் அதை நடத்துகிறவருக்கென்று ஒரு பக்கம் இருந்தது. எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன் என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்லப் போவதில்லை. அதில் வதனியின் பயனர் பெயரும், அதற்கு நேரே அவள் திறந்த ஒவ்வொரு பக்கமும், திறந்த நேரமும் வரிசையாக இருந்தன. முதல் வரியைப் பார்த்தவுடனேயே இது என் கண்ணுக்கு உரியது இல்லை என்று விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் கீழே கீழே இழுத்துக்கொண்டு போனேன். ஒக்டோபர் வரைக்கும் போனேன்.

பெரும்பாலும் செய்திதான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு அவள் வீட்டுக்கு வருகிற நேரத்தில், கிழமைக்கு மூன்று நான்கு தடவை, ஒரு தமிழ்த் திருமணத் தளம். அதிலும் ஒரே பகுதி, மறுமணம். அந்தத் தளத்தை இலங்கையில் ஒருவரும் தடுக்கவில்லை. அந்த வீட்டுக் கணினி கணவரின் தம்பியுடையது. அங்கே தடம் விழாமல் பார்ப்பதற்காகத்தான் என் வழியாக வந்திருக்கிறாள். அவள் தன் பெயரை எங்கேயும் பதிந்திருக்கவில்லை, ஒருவருக்கும் எழுதியிருக்கவும் இல்லை. ஐந்து நிமிடம் பார்ப்பாள், போய்விடுவாள். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் பக்கத்தை மூடியிருப்பான். கெட்ட மனிதன் என்றால் சிரித்திருப்பான். நான் ஒரு தமிழ்ச் சொந்தக்காரன், ஆகவே மாப்பிள்ளை தேடினேன்.

பாவம், எத்தனை வருடம் என்று மனம் இளகியது உண்மை. மாலா அக்காவின் தம்பி ஜெர்மனியில் விவாகரத்தாகி, தனியாக இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். குடிக்காத, அமைதியான மனிதர். இடியப்பத்துக்குச் சொதி விட்டபடியே மாலா அக்காவிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். வதனியும் இப்போது அப்படி ஒரு யோசனையில் இருக்கிறாள் போல என்றேன். எப்படித் தெரியும் என்று மாலா அக்கா கேட்கவில்லை. சித்தி மகள்தானே, அவளே சொல்லியிருப்பாள் என்று நினைத்திருப்பார். நட்சத்திரத்தைக் கேட்டார், சொன்னேன். திரும்பும்போது வீட்டுக்குக்கூடப் போகாமல், பாங்க் நிலையத்தில் நோர்தேர்ன் லைன் எடுத்து ஆர்ச்வே போய் இறங்கி, ஹைகேட் ஹில்லில் மூச்சு வாங்க ஏறி, அங்குள்ள கோயிலில் முருகனுக்கு வதனியின் பெயரிலும் நட்சத்திரத்திலும் ஓர் அர்ச்சனை செய்தேன். வேலியே பயிரை மேய்வது என்பார்கள். நான் மேய்ந்ததும் போதாதென்று, நல்ல காரியம் செய்த நிறைவோடு திருநீறும் பூசிக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு சம்பந்தப் பேச்சு வந்தால் அடுத்தது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. விசாரிப்பார்கள். பெண் எப்படி, குடும்பம் எப்படி என்று அந்த ஊரில் இருக்கிற தெரிந்தவர்களிடம் கேட்பார்கள். அது வழமை, அதில் பிழையும் இல்லை. மாலா அக்காவின் ஒன்றுவிட்ட பெரியம்மா ஒருவர் வெள்ளவத்தையில் வதனி வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். மாலா அக்கா அவரை அழைத்தார். அந்த அம்மா அரைகுறையாக விசாரிக்கிற ஆள் இல்லை, நேரே வீட்டுக்கே போய்விட்டார். வதனி பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். கதவைத் திறந்தது மாமியார்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வேலையிடத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வதனி தானாகவே அழைத்தாள். அவள் அழைப்பதே இல்லை, எப்போதும் நான்தான். பின்கதவால் வெளியே போய்ப் பேசினேன். அழவில்லை. லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் சொன்னாராம், பிள்ளை மறுமணத்துக்குப் பார்க்கிறதாம் என்று அந்த அம்மா மாமியிடம் கேட்டதைச் சொன்னாள். தான் இதை வாய்விட்டு ஒருவருக்கும் சொன்னதில்லை, தனக்கே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை என்றாள்.

"மாமி ஒரு சொல்லும் ஏசேல்ல" என்றாள். "என்ரை சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் தனியா எடுத்து வச்சிட்டா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நல்லதுக்குத்தான் என்ற சொல் வாய்வரை வந்தது. அது வெளியே வராமல் நின்றதற்கு மட்டும் அந்த ஆர்ச்வே முருகனுக்கு நன்றி.

"தளத்தை மறிச்சவங்களுக்கு நான் ஆரெண்டே தெரியாது அண்ணா" என்றாள். "பாத்தது நீங்கள்தான்."

அடுத்த கிழமை அவள் அந்த வீட்டை விட்டு வெளியேறினாள். போகச் சொன்னார்களா, தானாகப் போனாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதியை இழந்துவிட்டேன். பம்பலப்பிட்டியில் வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற விடுதியில் மூன்று பேரோடு ஓர் அறை. பதினொரு வருடம் மருமகளாக இருந்த வீட்டிலிருந்து ஒரு சூட்கேஸோடு போனாள். அதற்குப் பிறகு என் புரொக்ஸிக்குள் அவள் வரவே இல்லை.

மூன்றாவது பயணம், மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, அதைக் கழற்றுவதற்கு. நாள் சீட்டு அதற்குள் ஏழு பவுணாகியிருந்தது. மழை கொட்டியதால் குட்மேய்ஸ் நிலையத்திலிருந்து மினிகப் எடுத்தேன், மூன்று பவுண் ஐம்பது. சாரதி தமிழர், சுவிஸிலிருந்து வந்து ஒரு வருடம்தான் என்றார். என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டார், கொம்பியூட்டர் வேலை என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, மகள் கொம்பியூட்டரில என்ன பாக்கிறாள் எண்டு அவளுக்குத் தெரியாமல் பாக்க ஏலுமோ?"

"ஏலாது" என்றேன். பச்சைப் பொய். இந்தக் கதையில் நான் சொன்ன பொய்களில் இது ஒன்றைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை இல்லை.

குகன் அண்ணை கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாலா அக்கா என் முகத்தைப் பார்த்துப் பேசினார், அதற்கு அவருக்குத் துணிவு இருந்தது. விசாரிக்காமல் ஒரு கலியாணம் எப்படித் தம்பி செய்கிறது, இது ஒளித்து வைக்கிற கதை என்று நீ ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்றார். நியாயம்தான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அன்று அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் இருந்த துவாயை மடித்து வைத்துவிட்டு, நீ அந்தப் பிள்ளையின் அலுமாரியைத் திறந்து பார்த்தமாதிரி அல்லவா என்றார். ஓம் என்றேன். அன்று சாப்பிடச் சொல்லவில்லை.

கழற்றுவதற்கு ஏழு நிமிடம் எடுத்தது. பதிவுகளை முதலில் அழித்தேன், பிறகு மென்பொருளை எடுத்தேன், ரவுட்டரில் திறந்த வழியை மூடினேன். அங்கே இருந்தபடியே வதனியை விடுதி எண்ணில் அழைத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், ஒரு வரிகூட மிச்சம் இல்லை என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"நீங்கள் வாசிச்சதை எப்பிடி அண்ணா அழிப்பீங்கள்?" என்றாள்.

உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சரி, ஹரோவுக்குப் போகிற நண்பருக்கும் மற்ற இருவருக்கும். போடுங்கள். போடக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, அங்கே இன்னும் அந்தப் பக்கம் வெள்ளையாகத்தான் திறக்கிறது. போகுமுன் ரவுட்டரின் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் கேட்டு எடுத்துவைத்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். மின்சாரம் போய் வந்தால் முகவரி மாறும், எனவே அந்த வீட்டில் ஒருவருக்கு அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள், என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் அலையத் தேவையில்லை. பதிவு வைக்கிற வசதியை முதல் நாளே நிறுத்திவிடுங்கள், அமைப்புகளில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நிறுத்த முடியாவிட்டால், கடவுச்சொல்லைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: நீ பார்ப்பதை நான் பார்க்க முடியும். அந்த வசனத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவருக்குப் புரொக்ஸி வைக்க நீங்கள் சரியான ஆள் இல்லை. எனக்கு அந்தக் கூச்சம்கூட வரவில்லை, ஏனென்றால் நான் என்னைக் காவல்காரனாக மட்டுமே நினைத்திருந்தேன். தெரியாதவன் கண்ணுக்கு நாம் பயப்படுகிறோம். ஆனால் தெரியாதவன் ஒருவரும் வதனியின் நட்சத்திரத்தைக் கேட்கவில்லை.

கிளிநொச்சியில் நிலைமை முன்னையை விட மோசம். வேறொரு நண்பர் வீட்டில், பதிவே வைக்காத ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்று வதனிக்கு இரண்டு தடவை செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. கொழும்பில் அச்சில் வருகிற பத்திரிகையைப் படிப்பதாகக் கேள்வி. அதில் அந்தப் பட்டியல் வராது.

ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் நான் பட்டியலைப் பார்க்கிறேன். இன்றும் பார்த்தேன். சித்தியின் பெயர் இல்லை. அதைச் சொல்ல விடுதிக்கு அழைப்பு எடுத்தேன். வதனி அறையில் இருக்கிறாளாம், என்னோடு பேச விருப்பமில்லையாம் என்று எடுத்த பெண் சொன்னாள். அம்மா சுகம் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். அந்தப் பெண் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, எப்படித் தெரியும் என்று கேட்கிறா என்றாள்.